கிளம்பறேன் அண்ணி

ராஜகீழ்ப்பாக்கத்தில் லோகநாதன் வீட்டு இரும்புக் கேட்டைத் திறந்தாலும் சாத்தினாலும் கிறீச்சென்று கத்தும். எண்ணெய் விட அந்த வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. அந்தச் சத்தம் அவருடைய அண்ணி கோகிலவாணிக்கு வேண்டியிருந்தது. பதினோரு வருஷமாக அதைக் கேட்ட பிறகுதான் அவள் சமையலறையை விட்டு வெளியே வருகிறாள்.

அவள் கணவர் குமரேசன் மாரடைப்பில் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. தம்பி லோகநாதன் படப்பையில் ஒரு மனையைப் பதிவு செய்யக் கிளம்பினார். வெயிலில் போகிறாரே என்று கோகிலவாணி சொம்பில் தண்ணீரோடு எதிரே வந்துவிட்டாள். அவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார், செருப்பைக் கழற்றினார், "கொஞ்சம் கழிச்சுப் போறேன்" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். தாலி இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று வாயால் சொன்னால்தான் புரியுமா?

அடுத்த முறையிலிருந்து, நல்ல காரியத்துக்குப் போகும்போதெல்லாம் ஹாலில் நின்று, "அண்ணி, கெளம்பறேன்" என்று குரல் கொடுப்பார். கேட்கிறவர்கள், அண்ணிமேல் எவ்வளவு மரியாதை பார் என்று மெச்சுவார்கள். உள்ளேயே இரு என்பதுதான் அதற்கு அர்த்தம். அவளும் அடுப்படியில் நின்றபடியே, "பாத்துப் போய்ட்டு வாங்க தம்பி" என்பாள். கேட் கத்தும். அப்புறம் வெளியே வந்து கோலத்தை மிதித்திருக்கிறார்களா என்று பார்ப்பாள்.

லோகநாதன் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. வேதாவை, அண்ணன் மகளை, பொத்தேரியில் என்ஜினியரிங் படிக்க வைத்தவர் அவர். விருந்தாளி வந்தால் ஒரு கதை சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் குடும்பத்தில் ஒரு அத்தை பன்னிரண்டு வயதில் தாலியறுத்தாளாம். வெள்ளைச் சேலை, ஒரு வேளைச் சோறு, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறை, அப்படியே ஐம்பது வருஷம். அவள் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை. "இப்ப நம்ம வூட்ல அதெல்லாம் ஏது? அண்ணி கலர் புடவைதான் கட்டிக்கினு கீறாங்க" என்று முடிப்பார். கோகிலவாணி காபியை நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்த அத்தைக்காவது சண்டை போட நினைத்தால் எதிரில் ஆட்கள் இருந்திருப்பார்கள். இவளைத்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, யாரோடு சண்டை போடுவது?

வேதாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு, படப்பையில் மாப்பிள்ளை வீட்டில். வேதா போனில் சித்தப்பாவிடமே கறாராகச் சொல்லிவிட்டாள்: "முதல் வளையல் எங்கம்மாதான் போடணும். இல்லன்னா ஃபங்ஷனே வேணாம்."

சம்பந்தியம்மாள் கங்கையம்மாள் முறுக்கிக்கொள்வாள் என்று எல்லாரும் பயந்தார்கள். அவளோ, "பெத்தவ போடட்டும், எங்களுக்கு இன்னா?" என்றுவிட்டாள். சொந்த மகள் கல்யாணத்தன்று மண்டபத்தின் ஸ்டோர் ரூமில் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் கோகிலவாணி. அவளுக்கு நம்பவே முடியவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் அரை நாள் அலைந்து பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கையளவு. கடையிலேயே தன் கையில் போட்டுப் பார்த்தாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கண்ணாடி குலுங்கியது. கடைக்காரர் பார்க்கிறாரே என்று கழற்றினாள், ஆனால் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு வேதா பட்டுப்புடவையும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்தாள். "கோகிலா, வாங்க" என்று கங்கையம்மாளே கூப்பிட்டாள். கூடம் சட்டென்று அமைதியானது. கோகிலவாணி மகள் எதிரே உட்கார்ந்து சந்தனம் தொட்டாள், வளையலை எடுத்தாள். வேதா கையை நீட்டினாள்.

நீட்டிய கை பின்னுக்குப் போயிற்று. ஒரு விரல்கடை தூரம்தான் இருக்கும். இன்னொரு கை தானாக வயிற்றின்மேல் போய் அமர்ந்தது. முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்துபோனவள் வேதா. படித்த படிப்பும் போட்ட சண்டையும் அந்த ஒரு நொடியில் எங்கே போயினவோ, பயம் மட்டும் கண்ணில் நின்றது. கூடத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. விரலைப் பிடித்திருந்தவளுக்கு மட்டும் தெரிந்தது.

வேதா உடனே கையைத் திரும்ப நீட்டினாள். "போடும்மா" என்றாள்.

"அடடா, அளவு சின்னதா வாங்கிட்டேன் போல" என்று கோகிலவாணி சிரித்தாள். "கைல கீறிடும். நீங்க ஆரம்பிங்க சம்பந்தி." வளையல் சரியான அளவு என்று இருவருக்கும் தெரியும். வேதா தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்கவில்லை. கங்கையம்மாள் வேறு வளையலை எடுத்துப் போட, கூடத்தில் பேச்சு மறுபடி கிளம்பியது.

வழக்கப்படி வேதாவைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கோகிலவாணி மகளுக்குப் பிடித்ததெல்லாம் செய்து போட்டாள், கால் அமுக்கிவிட்டாள். அந்த வளையலைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் மகள் அழுதிருப்பாள், இவள் சமாதானம் சொல்லியிருப்பாள். என்ன பிரயோஜனம்?

நாலாம் நாள் காலை ஸ்கேன். கார் வாசலில் நின்றது. கோகிலவாணி அடுப்படியில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி மூடினாள். தானும் கூடப் போவதாகத்தான் புடவை மாற்றியிருந்தாள். கொண்டையைச் சரிசெய்துகொண்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக் கூடத்தை நோக்கி ஓரடி வைத்தாள்.

"அம்மா, கெளம்பறேன்" என்று ஹாலிலிருந்து வேதாவின் குரல் வந்தது. சித்தப்பா நிற்கும் அதே இடத்திலிருந்து, அதே மரியாதையோடு.

கோகிலவாணி வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள். ஃபிளாஸ்க்கை மேடையில் வைத்தாள்.

"பாத்துப் போய்ட்டு வாம்மா" என்றாள். கேட் கத்துவதற்காக நின்றாள்.