கால் முன்னே போன பெட்டி

பிள்ளைகளா, பழைய கிரேக்கரும் எகிப்தியரும் ஒன்றா வேறா என்று போன வாரம் கேட்டீர்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். புத்தகம் பார்த்துச் சொல்லத் தெரியாது. ஆனால் நீங்கள் நடை பழகிய வயதில் அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து நகர்த்தியிருக்கிறேன். சாமான் ஏற்றும் அந்த வேலை போய் இன்று நான் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் மளிகைக் கடையில் நிற்பதற்கும் அந்தப் பெட்டிதான் காரணம்.

கண்காட்சிப் பொருள்களை ஏற்றி இறக்கும் ஒரு சின்னக் கம்பெனி அது. நம் குடும்பத்தில் நாலு பேருடைய விசாவும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணன் நகரின் தெற்குக் கோடியில் இருக்கும் பாபகூராவிலிருந்து ரயிலில் வருவார். அன்று நாங்கள் லாரியில் ஏற்ற வேண்டியது ஒரு மம்மி. உடம்பு முழுக்க எகிப்திய முறையில் துணிச்சுற்று. முகத்தின்மேல் மட்டும் கிரேக்கப் பாணியில் வரைந்த பலகை. நம்மையே பார்க்கிற கண்கள். எங்கள் கம்பெனியின் பொறுப்பாளர் அம்மா அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த கிரேக்கப் பெண்மணி. எகிப்தியருக்கு உடம்பு அழியக் கூடாது, கிரேக்கரில் பலர் உடம்பை எரித்தே விடுவார்கள், ஆனால் பேர் அழிந்தால் ஆளே இல்லை என்ற பயம் இருவருக்கும் ஒன்றுதான் என்றார்.

"முகம் கிரீஸ், உடம்பு எகிப்து. செத்த ஆளுக்கே ரெண்டு பாஸ்போர்ட். உமக்கு ஒரு நிரந்தர விசாவுக்கு வழியில்லை, தம்பி" என்று அண்ணன் என்னைச் சீண்டினார்.

லாரிக்குப் போகும் சாய்தளம் மேல்நோக்கி ஏறும். அதனால் தலைப்பக்கம் முன்னே போக வேண்டும் என்று அந்த அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார். கொட்டகை வாசலுக்கு வந்ததும் பெட்டி இருந்த தள்ளுவண்டியை நான் திருப்பிவிட்டேன். நம் ஊரில் வாசலைத் தாண்டும் பிணம் கால் முன்னேதானே போகும். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. அண்ணனும் அதே பழக்கக்காரர், கூடவே திரும்பினார். பாதி ஏற்றத்தில் தலைப்பக்கம் தாழ்ந்து உள்ளே ஏதோ சரக்கென்று உரசியது. அந்த அம்மா கத்தினார். இறக்கி மூடியைத் திறந்தால், நெற்றியில் நகத்தளவு வண்ணம் பெயர்ந்திருந்தது.

"யார் திருப்பியது?"

உங்கள் இருவர் முகமும் உங்கள் அம்மா முகமும்தான் கண்முன் வந்தன. அண்ணன் ஆங்கிலத்தில், "நான்தான்" என்றார். இனி நீ இங்கே வேண்டாம் என்று அந்த அம்மா அவரிடம் அங்கேயே சொல்லிவிட்டார்.

பையை எடுக்க வந்தவர் என் காதோரம் சொன்னார்: "ஓம், பொய்தான். எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு, வேற வேலை கிடைக்கும். உம்மைப் பிள்ளையளோட பிளேன் ஏத்திப்போடுவாங்கள். வாயை மூடிக்கொண்டு இரும்."

அவர் போனார். பொறுப்பாளர் அம்மா போன் பேச உள்ளே போனார். மேசையில் விபத்து அறிக்கைத் தாள். தவறு செய்தவர் என்ற இடத்தில் அண்ணன் பேர். பக்கத்தில் திறந்த பெட்டி. அதற்குள் கிடந்த மனிதரின் பேர் எங்கேயும் இல்லையாம், முகம் மட்டும்தான் மிச்சம். கொட்டகையில் நானும் அதுவும்தான்.

அண்ணன் பேரின்மேல் ஒரு கோடு போட்டேன். அதன் கீழே என் பேரை, உங்கள் தாத்தா பேரோடு சேர்த்து, முழுதாக எழுதினேன்.