ஆணி மெஷினுக்குக் கட்டிய மஞ்சள் கயிறு

ஹார்டுவேர் கடைக்குத் தனியாக வந்த பெண்ணைப் பார்த்து "ஹஸ்பண்ட் வரலையா?" என்று கேட்டவர்களில் நீங்களும் ஒருவரா? ஆம் என்றால் மேலே படியுங்கள். இல்லை என்றால், வேறொருவர் கேட்டபோது பக்கத்தில் சும்மா நின்றிருப்பீர்கள். நீங்களும் படியுங்கள்.

மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் குடியிருக்கும் லோகேஸ்வரிக்கு வயது நாற்பத்து மூன்று. காப்பார் பக்கம் ஒரு சோபா தொழிற்சாலையில் பதினாறு வருடமாக மரச்சட்டம் அடிக்கும் வேலை. காற்றழுத்தத்தில் ஓடும் ஆணி மெஷினைப் பிடித்தால் மாலைவரை கீழே வைக்க மாட்டாள். அவள் அடித்த சட்டங்களின் மேல் சுபாங் ஜெயாவில் எத்தனையோ குடும்பங்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அவள் வீட்டு ஹாலில் சோபா போட இடமில்லை. அங்கே மகள் ஷாமினி படுக்கிறாள்.

வீட்டில் அறை இரண்டு. ஒன்று லோகேஸ்வரிக்கும், ஜொகூருக்கு லோரி ஓட்டும் அவள் கணவன் பரமேஸ்வரனுக்கும். மற்றொன்று ஷாமினியுடையதாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, "ஒரு வாரம் தங்கிட்டுப் போறேன்" என்று வந்த கணவனின் அண்ணன் தம்புசாமி அதில் படுத்தார். இன்னும் எழுந்து போகவில்லை. பதினேழு வயதுப் பெண் உடை மாற்றக் குளியலறைக்கு ஓட வேண்டும். பெரியப்பா டிவியை அணைத்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாலின் மூலையை மறித்து ஒரு பலகைச் சுவர், அதில் உள்ளே தாழ் போட ஒரு கதவு எனத் தீர்மானித்தாள் லோகேஸ்வரி.

"ஹால் சின்னதாயிடும். காத்து வராது," என்றார் தம்புசாமி.

"உங்க ரூம்ல நல்லா வருதுல்ல மாமா? அதுல கொஞ்சம் அனுப்பி வைங்க."

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போய் நின்றாள். விற்பனையாளன் தனேஷ் அவள் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினான்.

"அக்கா, ஹஸ்பண்ட் வரலையா? அவர் வந்தா எக்ஸ்ப்ளேன் பண்ண ஈசி லா."

"அவருக்கு லோரி ஓட்டத் தெரியும். ஆணி அடிக்கத் தெரியாது. என்கிட்டயே சொல்லு."

அவன் கட்டடச் சட்டம் அடிக்கிற பெரிய மெஷின் ஒன்றைத் தூக்கி வைத்தான். "இதான் பவர். ஆம்பளைங்க எல்லாம் இதான் கேப்பாங்க."

"என் பலகை நாலு மில்லி. உன் பவர் பலகையத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரன் சட்டையத் தச்சிரும்."

அடுத்து, பெயர் தெரியாத மலிவு மெஷின் ஒன்று வந்தது. பேட்டரியில் கொட்டை எழுத்தில் ஒரு வோல்ட் எண். அவள் அந்தப் பேட்டரியைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "எண்ணு மட்டும்தான் பெருசா இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

அவளுக்கு வேண்டியது மெல்லிய ஆணி அடிக்கும் சின்ன மெஷின். கம்ப்ரசர் வேண்டாம், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தொழிற்சாலை விருந்துக் குலுக்கலில் விழுந்த துளை போடும் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அதே நிறுவனத்தின் ஆணி மெஷின் என்றால் அதே பேட்டரி பொருந்தும். மெஷினை மட்டும் வாங்கினால் போதும். எடுத்துக் கொடுத்ததைத் தோளுக்கு மேல் நீட்டிப் பிடித்து ஐம்பது எண்ணினாள். கை நடுங்கவில்லை. சிக்கிய ஆணியை எடுக்க முன்பக்கம் கையாலேயே திறக்கிறதா என்று பார்த்தாள். பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டாள்.

"ஒவ்வொரு ஆணிக்கும் மூக்கப் பலகையில வச்சு அமுக்கி, அப்புறம் விசையத் தட்டணுமா? இல்ல, விசையப் பிடிச்சுக்கிட்டு மூக்க இடிச்சாலே போயிருமா?"

தனேஷ் முதலாளியைக் கூப்பிட்டான்.

அவள் அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மெஷினின் மூக்கு பலகையில் அழுந்தினால்தான் ஆணி வர வேண்டும், அதுதான் பாதுகாப்பு. தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலை வேகமாக ஓட வேண்டும் என்று அந்த மூக்கைப் பின்னுக்கு இழுத்துக் கம்பியால் கட்டிவைத்தார். திருச்சியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ரியாஸின் கையில் ஆணி ஏறியது. "கவனக்குறைவு" என்று எழுதி அவனிடமே கையெழுத்து வாங்கினார்கள். கம்பியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை.

ஒவ்வோர் ஆணிக்கும் மூக்கை எடுத்து வைக்க வேண்டிய மெஷினையே வாங்கினாள். வீட்டில் மெஷினும் ஆணியும் ஒரு பெட்டியில், பேட்டரி தனியே அலமாரியில்.

அடுத்த வாரம் ஆயுத பூசை. வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. சாமி படத்துக்கு முன்னால் மெஷின் நின்றது. உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். மூக்கை நன்றாக உள்ளே அழுத்தி, மஞ்சள் கயிற்றை மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, மாவிலை செருகியிருந்தார் தம்புசாமி. பேட்டரியும் மாட்டியிருந்தது.

"பேட்டரிய யார் போட்டது?"

"உயிரில்லாத பொருளையா சாமி முன்னால வைக்கிறது? ஆணியும் போட்டிருக்கேன். வெறும் வயித்தோட வைக்கக் கூடாது."

கற்பூரத் தட்டோடு ஷாமினி எதிரில் நின்றாள். தம்புசாமி இடது கையால் மூக்கைப் பிடித்து மெஷினைத் தூக்கினார். வலது கை விரல் விசையில் இருந்தது.

"மாமா, கீழ வைங்க! ஷாமினி, தள்ளி நில்லு!"

"நல்ல நாள்ல கத்தாத."

டக் என்று ஒரு சத்தம். அவர் இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் ஆணி இறங்கி நின்றது. ஷாமினியின் கழுத்து அங்கிருந்து ஒரு சாண் தூரம்.

கிளினிக்கில் தையல் போடும்போதே தம்புசாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சனிக்கிழம காலைல ராகு காலத்துல போய் வாங்கியிருக்கா, டாக்டர். சொன்னா கேக்கணுமே." டாக்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லோகேஸ்வரி பேட்டரியைக் கழற்றினாள். கயிற்றை பிளேடால் அறுத்து, காய்ந்த சந்தனத்தைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தாள். அப்போதுதான் மூக்கு வெளியே வந்தது. பேட்டரியை மாட்டி, கழிவுப் பலகையைத் தொடாமல் அதன் பக்கம் நீட்டி விசையைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மூக்கைப் பலகையில் அழுத்தித் தட்டினாள். ஆணி இறங்கியது.

"பாத்தீங்களா மாமா? இதத்தான் நீங்க கட்டிப் போட்டீங்க."

"இப்பத்தான் ரத்தம் பாத்துருச்சே. அடங்கிருச்சு," என்றார் தம்புசாமி.

அங்கே லாபத்துக்குக் கம்பி, இங்கே பக்திக்குக் கயிறு. இரண்டு இடத்திலும் பாதுகாப்பைக் கட்டிப் போட்டவன் நல்லவன். பழி வேறொருவர் தலையில்.

இரவு பரமேஸ்வரன் போனில் பேசினான். "அண்ணன் மனசு நோக வேணாம்மா. அந்த மெஷின வித்துரு. சுவரு அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப? அவ பரீட்ச முடிஞ்சா, இல்ல கல்யாணம் முடிஞ்சா? உங்க அண்ணன் மனசுக்கு ரூம் இருக்கு. எம்பொண்ணுக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஷாமினி பலகையைப் பிடித்தாள். தாய் ஆணி அடித்தாள். தம்புசாமி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். சாயங்காலம் கதவு ஏறியது. ஷாமினி உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

தோற்றவர் அத்தோடு விடுவாரா? மறுநாள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் தம்புசாமியின் குரல்: நேரம் பார்க்காமல் பொம்பளைகள் வாங்கும் மெஷின் வீட்டு ஆம்பளைகளைக் காவு கேட்கிறதாம். கும்பிடு போட்டவர்கள் பதினெட்டுப் பேர். அதற்குள் அது செராஸ் வரை போய்விட்டது.

உங்கள் போனுக்கும் அது வரும். சிரித்துவிட்டு அழித்துவிடாதீர்கள். அதே குழுவில், உங்கள் பெயரோடு, ஒரு பதில் போடுங்கள்: பூசைக்கு வைக்குமுன் பேட்டரியைக் கழற்று, ஆணியை எடு, மூக்கில் எதையும் கட்டாதே, குற்றத்தை அவள் மேல் போடாதே. இன்றைக்கே போடுங்கள்.