கவரில் என் பெயர்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பாத்திரக்கடையில், பெயர் எழுதிய கவரை வாங்கியவர் யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை. பதினாறு வருடமாகப் பார்க்கிறேன்.

இன்று காலை முதலாளி அண்ணாச்சி என்னிடம் ஒரு கவரை நீட்டினார். துடைத்துக்கொண்டிருந்த குத்துவிளக்கைக் கீழே போட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, என்னை நிறுத்துதியளா?"

"பயப்படாத செல்வி. வேலைக்குச் சேக்குத கடுதாசிதான். எல்லாம் முறைப்படி இருக்கணும்னு, இப்ப கடையப் பாத்துக்கிடுத எம்மவ சொல்லுதா."

கவரைப் பிரித்தேன். பணியில் சேர்ந்த நாள் என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம்.

"அப்ப இந்தப் பதினாறு வருசம்?"

அண்ணாச்சி தன் சட்டைப்பையைத் தொட்டார். அதிலும் ஒரு கவர்.

"எனக்கும் ஒண்ணு தந்திருக்கா. பிரிக்கப் பயமா இருக்கு."

ஆறு மாதத்தில் நிரந்தரமாவதற்கு என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அண்ணாச்சிக்கும் சேர்த்து.