ஐந்து மணி அழுகையும் பூண்டுக் குழம்பும்

நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை... பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் திறந்ததுமே மூக்கில் ஏறும். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூத்தவன் பிறந்து மூன்று வாரம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பிப்பான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து... எட்டு மணி வரை ஓயமாட்டான்.

"பூண்டு சாப்பிடு, அப்பதான் பால் ஊறும்" என்பார் அம்மா.

"பூண்டுதான் அண்ணி பிள்ளைக்கு வயித்துல காத்து சேர்க்குது, நிறுத்துங்க" என்பாள் நாத்தனார்.

ஒரு நாள் அம்மா பேச்சைக் கேட்டுச் சாப்பிடுவேன், அழுவான். மறுநாள் ஒதுக்கி வைப்பேன், அப்போதும் அழுவான்.

கிளினிக்கில் கேட்டேன். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லலா, நல்லா சாப்பிடுங்க" என்றார் நர்ஸ் மிஸ்ஸி. கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "எதுக்கும் மாட்டுப்பால் மட்டும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க" என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

பால், பருப்பு, முட்டைகோஸ், மிளகாய்... ஒவ்வொன்றாக விட்டேன். கடைசியில் வெறும் சோறும் உப்பும்தான். தாய்ப்பாலும் குறைந்துவிட்டது. என் பிள்ளைக்கு நானே ஏதோ கெடுதல் செய்கிறேன் என்று தட்டின் முன் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். டின் பால் வாங்கி வரச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் மணி ஐந்தானது. துண்டைத் தோளில் போட்டுத் தயாராக நிற்கிறேன்... சத்தமே இல்லை. பயந்துபோய் நானே எழுப்பிவிட்டேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டான்.

அன்றைக்கு நான் என்ன சாப்பிட்டேன்? இன்று வரை யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. உங்களில் யாருக்காவது காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

அவனுக்கு இப்போது இருபது வயது.

போன வாரம் பக்கத்து ஊரான கெப்பாலா பத்தாஸில், கூட வேலை செய்கிற பெண்ணின் பிள்ளையைப் பார்க்கப் போனேன். அவள் தட்டிலும் வெறும் சோறு. ஃபோனில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம்.

"அக்கா, நான் எதை நிறுத்தணும்?"

"எனக்குத் தெரியலம்மா."

கையிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் தெரியும்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான்கா தெரியலன்னு சொல்றீங்க."

சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன மீன் குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.

எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அன்று என் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்... தெரியாது என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்த மூன்று மாதம் நானும் சாப்பிட்டிருப்பேன்.