கேட்காவிட்டால் கை

வில்லியனூர் வட்டாரத்தில் என் மைக் செட்டை வேண்டாமென்று சொன்ன ஒரே ஆள் அந்த நாடக டீச்சர்தான். பள்ளி ஆண்டு விழாவுக்குச் செட் கட்டப் போனபோது ஒத்திகை நடந்தது. குள்ளமான அந்த அம்மா கடைசி வரிசைக்குப் பின்னால், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார். வசனம் தெளிவாகக் கேட்காவிட்டால் கையைத் தூக்குவார். உடனே அந்தப் பிள்ளை முதலிலிருந்து பேசவேண்டும். அது அவர் வகுப்புச் சட்டம்.

“மேடம், நாலு மைக் தொங்கவுடறேன். பசங்க இன்னாத்துக்குக் கத்தணும்?” என்றேன்.

“நாடகத்துக்கு வேணாம்பா. நீயே இங்க வந்து நின்னு கேளு.”

விழாவன்று அவர் பக்கத்தில் நின்றேன். மேடையில் ஒரு பெண் முணுமுணுத்ததுகூடக் காதில் விழுந்தது. நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் என் மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்கினார். டீச்சர் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கை மெதுவாக மேலே போனது.

அது விருந்தினருக்கா, என் மைக்குக்கா? இன்னும் விளங்கவில்லை.