மாட்டு வசந்தமும் நாற்பது வாத்துகளும்

காலை பத்து மணி. கொல்கத்தாவின் டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, தலைக்குப் பதினைந்து ரூபாய். எனக்கு ஊர் கோழிக்குப் பேர்போன நாமக்கல். கால்நடைத் தடுப்பூசி செய்யும் பழைய ஆய்வுக்கூடம் கொல்கத்தாவில் இருக்கிறது என்றால், விக்டோரியா மண்டபமெல்லாம் எனக்கு அப்புறம்தான்!

பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஐஸ் சொட்டும் பை. "பையில மீனா, திதி?" என்றேன், அரைகுறை வங்காளத்தில். திதி என்றால் அக்கா.

"வாத்து. நேத்து மூணு செத்துப்போச்சு."

பெயர் ரஹிமா, கேனிங் பக்கம். வீட்டில் இன்னும் நாற்பது இருக்கின்றன. பறவைக் காய்ச்சல் என்று தெரிந்தால் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். அவரும் அதே ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகிறார்.

ஆய்வுக்கூட வாசலில் எனக்குத் தெரிந்த பானு அக்கா நின்றிருந்தார். கொல்கத்தாவின் பவானிபூரிலேயே பிறந்த தமிழ்ப் பெண், இங்கே விஞ்ஞானி. பையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "ரிசல்ட் வர்றவரைக்கும் வா, சுத்திக் காட்டறேன்" என்றார் என்னிடம்.

பழைய கட்டடத்தில் மங்கிய வங்காளப் பலகை. எழுத்துக் கூட்டினேன். "கோ... பொசந்தோ! மாட்டுக்கு வசந்த விழாங்களா அக்கா?"

"நல்லா கொண்டாடின போ! இங்க அம்மைக்கும் வசந்தத்துக்கும் ஒரே பேரு. இது மாட்டம்மை. உங்க ஊர்ல வெக்கைன்னு சொல்வாங்களே, அது."

வெக்கை! தொழுவம் தொழுவமாகக் காலிசெய்த 'ரிண்டர்பெஸ்ட்' நோய். இந்தக் கூடம் எழுந்ததே அதை ஒழிக்கத்தானாம். கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றி ஏற்றி, வீரியத்தைக் குறைத்து, அதையே மாட்டுக்கு ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் மருந்து ரயிலேறி ஊர் ஊராகப் போயிருக்கிறது. கடைசியில் நோய் உலகத்தை விட்டே போனது. அந்தக் கட்டடத்துக்கு வேலையும் போனது.

"வேலை போனதுக்கு ஸ்வீட் குடுத்தவங்க நாங்கதான்" என்றார் அக்கா. இப்போது அங்கே வாத்துக்குத் தடுப்பூசி செய்கிறார்கள்.

அதற்குள் சோதனை அறையிலிருந்து கூப்பிட்டார்கள். பறவைக் காய்ச்சல் இல்லை! நுண்ணோக்கியில் நானும் கண் வைத்தேன். நீலச் சாயத்தில் குட்டிக் குட்டி சேஃப்டி பின்கள் மாதிரி கிருமிகள்.

"வாத்துக் காலரா" என்று வெளியே காத்திருந்த ரஹிமாவிடம் அக்கா ஓடிப்போய்ச் சொன்னார். "மருந்து தர்றோம், திதி. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

"காலராவா? மனுஷங்களுக்கு வருமே, அதுவா?"

"இல்ல இல்ல, அது வேற."

"வேறன்னா எதுக்கு ஒரே பேரு வச்சீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

லட்சம் கோழி நிற்கும் எங்கள் ஊர்ப் பண்ணையில் மூன்று செத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே அதற்காக ஒருவர் விடியலிலேயே ரயிலேறி வந்திருக்கிறார்.

திரும்பும்போதும் அதே ஆட்டோ. ரஹிமாவின் மடியில் மருந்துப் பொட்டலம்.

"மறுபடியும் வாத்தா, திதி?" என்றார் டிரைவர்.

"ஆமா," என்று பொட்டலத்தைத் தட்டினார் ரஹிமா. "நாற்பது!"