பள்ளிவாசலில் நான் சொன்ன பேச்சும், என் மகள் சொல்லப் போன சாட்சியும்

சகோதரிகளே, அல்லாஹ் என் துஆவை ஏற்றுக்கொண்டான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தத் துஆவைக் கேட்கும் நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தருகிற கதையல்ல.

எனக்கு ஊர் கிழக்கிலங்கையில் கல்முனைக்குடி. மகள் ஹிபாவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். நான்கு வருடம். அதுவரை ஆழ்கடலுக்குப் போனால் நாள்கணக்கில் திரும்பாத என் கணவர் ரமீஸ், பிள்ளைக்காகக் கடலை விட்டுவிட்டு ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றார். காலையில் இரட்டைப் பின்னல் போட்டு அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். காய்ச்சல் வந்தால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் தலை பின்னுவதை வீடியோ கோலில் பார்த்துச் சிரித்தவளே நான்தான்.

திரும்பி வந்த பிறகு எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. என் வாயும் லேசுப்பட்டதல்ல. தலாக்கில் முடிந்தது. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. பிரிந்தால் உடுப்புப் பையோடு வெளியேறுவது ஆண்தான். ரமீஸும் அப்படியே தன் தங்கை வீட்டுக்குப் போனார். வீடு எவளுக்கோ, பிள்ளையும் அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஹிபாவைத் தன்னிடம் தரும்படி பள்ளிவாசல் பெரியவர்களிடம் கேட்டார்.

இணக்கம் பேசக் கூப்பிட்டார்கள். அவர் அமைதியாகத்தான் கதைத்தார். "புள்ள எனக்கிட்டத்தான் வளர்ந்த, ஹாஜியார். அவக்கு என்ன புடிக்கும், என்ன புடிக்காதெண்டு எனக்குத்தான் தெரியும்" என்றார். ஒரு பெரியவர் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் பிள்ளை போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் சொன்னேன்:

"பொம்புளப் புள்ள, வளர்ந்து வருகுது. ஆம்புளையோட தனிய வெக்கிறது நல்லமா? நான் வேற ஒண்டும் சொல்லல்ல."

வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ரமீஸ் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகு எந்த வாப்பாதான் மகளைக் கேட்டு நிற்பார்? "உம்மாட்ட இருக்கட்டும், பொம்புளப் புள்ளதானே" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். அவர் ஒரு நாளும் அப்படிப்பட்டவரல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் அவருடைய தங்கையே, பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று சொல்லி, அவரைக் கடையில் தங்கச் சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பேச்சு ஹிபாவின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்; அவள் என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். தந்ததைத் தின்றாள், சொன்னதைச் செய்தாள். பக்கத்தில் போனால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஐவேளையும் அழுதேன். "யா அல்லாஹ், என் பிள்ளையை எனக்குத் தா" என்றுதான் கேட்டேன். பிள்ளை என் வீட்டில்தான் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டும் அவள் வரவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை நேரம் நெருங்கியது. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வாப்பாவிடம் போயிருப்பாளோ என்று கடைக்கு ஆளனுப்பினேன். அங்கும் இல்லை. ரமீஸ் கடற்கரைப் பக்கம் தேடி ஓடினாராம். கடல் என்று கேட்டதும் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லலாம் என்று பள்ளிவாசலுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஒரே துஆ. "யா அல்லாஹ், அவளை உயிரோடு காட்டு. எனக்குத் தர வேண்டாம். நான் சொன்னது பொய்யென்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்."

பாங்கு சொல்லும் மோதினார் விவரத்தைக் கேட்டார். "பள்ளிக்கூட உடுப்போட ஒரு புள்ள, பொம்புளையள் ஏறுற படிக்கட்டுல இரிக்கி. உம்மாவோட வந்ததாக்குமெண்டு உட்டுட்டன். போய்ப் பாருங்க மகள்" என்றார்.

ஹிபாதான். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கட்டிப்பிடித்துக் கதறினேன். அவள் அழவில்லை.

"ஹாஜியார்மார் எத்தின மணிக்கு வருவாங்க, உம்மா?"

"அவங்க என்னத்துக்கு மகள்?"

"எங்கட வாப்பா நல்லவரெண்டு சொல்லணும். எனக்கிட்ட ஆரும் கேக்கல்லியே."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. அங்கேயே நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் விழுந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அதே பெரியவர்கள் முன் உட்கார்ந்தேன். ரமீஸையும் கூப்பிட்டிருந்தார்கள். "அண்டைக்கி நான் சொன்னது பொய். அவருல ஒரு குத்தமும் இல்ல. புள்ளயக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். கேட்டார்கள். அவள் சொன்னாள். வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்து, "வாப்பாவக் கூட்டிட்டுப் போ மகள்" என்றேன். நான் உடுப்புப் பையோடு இரண்டு ஒழுங்கை தள்ளி, எனக்கு மூத்தவளான ராத்தா வீட்டுக்குப் போனேன். "சீதன வீட்ட உட்டுட்டு வந்த பொம்புளய இப்பதான் காணுறன்" என்று ராத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்க்கம் தாய்க்குத் தந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் இணக்கம் பேசிய அன்று நாங்கள் யாரும் ஹிபாவைப் பார்க்கவில்லை. நான் பெண், அவர் ஆண் என்பதை மட்டும்தான் பார்த்தோம். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஹிபா பள்ளிக்கூடம் விட்டுத் தானாக என்னிடம் வருகிறாள். வாய் ஓயாமல் கதைக்கிறாள். கேட்ட பிள்ளையை அல்லாஹ் தந்துவிட்டான்.

ஆனால் அல்லாஹ்வின் ஓர் அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். நேற்று தொழுத பாயில் அழுதுகொண்டிருந்தேன். ஹிபாவும் பக்கத்தில் கையேந்தி உட்கார்ந்தாள்.

"என்ன கேக்கிறீங்க உம்மா?"

"வாப்பா என்ன மன்னிக்கணுமெண்டு."

கொஞ்சம் யோசித்தாள். "அத வாப்பாட்டயெல்லுவா கேக்கணும்" என்றாள்.

உண்மைதான். பெரியவர்களிடம் சொன்னேன், அல்லாஹ்விடம் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசி முடித்தேன். இன்று மாலை அவளைக் கூட்டிப்போக வாசலுக்கு வருவார். கேட்கப் போகிறேன்.

சகோதரிகளே, என்னைப் போல யாருடைய மானத்தையாவது எடுத்தவர்கள் உங்களில் இருந்தால், பயப்படாமல் அல்லாஹ்வைக் கூப்பிடுங்கள். அவன் வழி காட்டுவான். எனக்காகவும் துஆச் செய்யுங்கள். ஒழுங்கையில் அவருடைய சைக்கிள் சத்தம் கேட்கிறது. பேனையை வைக்கிறேன்.